வெலிங்டனுக்குக் காய்ச்சல் வந்தது எங்கே?

திருகோணமலையில் வழிகாட்டி வேலைக்கு வந்து பதினோரு வருடம். அதில் முதல் ஆறு வருடமும் ஒரு பொய்யை விற்றுத்தான் சாப்பிட்டேன். பொய் என்று தெரியாமல்தான், ஆனால் விற்றது விற்றதுதான்.

பிரட்றிக் கோட்டை வாசலால் ஏறிக் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு பழைய பங்களா இருக்கிறது. வெலிங்டன் தங்கிய வீடு என்பார்கள். கோட்டை இன்றைக்கும் இராணுவத்தின் கையில் இருப்பதால் அந்த வீட்டுக்குள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கிற இடமல்ல, வெளியில் நின்று கதை சொல்வதோடு சரி. நான் சொன்ன கதை இதுதான்: 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெலிங்டன், அப்போது வெறும் கேணல் ஆர்தர் வெலஸ்லி, இந்த வீட்டில் காய்ச்சலில் படுத்திருந்தார், அதனால் ஏற வேண்டிய கப்பலில் ஏறவில்லை, அந்தக் கப்பல் எல்லாரோடும் கடலில் மூழ்கிப் போனது. "எங்கட ஊர்க் காய்ச்சல் இல்லாட்டி வாட்டர்லூவே இல்லை" என்று முடிப்பேன். ஆட்கள் சிரிப்பார்கள். இறங்கிப் போகும்போது கை கொஞ்சம் தாராளமாக நீளும்.

ஒருநாள், கடற்படையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒரு வயதான ஆங்கிலேயர் கூட்டத்தோடு வந்திருந்தார். நான் கதை சொல்லும்போது ஒன்றும் பேசவில்லை. மற்றவர்கள் மானுக்கு வாழைப்பழம் கொடுக்கப் போன பிறகு பக்கத்தில் வந்து, மெதுவாக, அந்தக் காய்ச்சல் பம்பாயில் அல்லவா வந்தது என்று கேட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. எங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று சமாளித்தேன். அவர் தலையாட்டினார், அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் கேட்டிருந்தால் அன்றைக்கு என் கதை கந்தல்.

இரவு வீட்டில் இருந்து தேடித் தேடி வாசித்தேன். மனுசன் சொன்னது சரி. 1800 கடைசியில் வெலஸ்லி திருகோணமலைக்கு வந்தது உண்மை, இங்கே திரண்ட படைக்குத் தலைமை தாங்கத்தான் வந்தார். மொரீசியஸ், பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) என்று பேச்சு அடிபட்டு, கடைசியில் படை எகிப்துக்குப் போவதாக முடிவானது. தலைமையை அவரிடமிருந்து எடுத்து பெயர்ட் என்ற ஜெனரலுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1801இல் இங்கிருந்து பம்பாய்க்குப் போன இடத்தில்தான் காய்ச்சல் வந்தது, அதற்குப் பின்னால் உடம்பெல்லாம் சொறி. சொறியில் படுத்ததால்தான் சுசானா என்ற கப்பலைத் தவறவிட்டார், அது மூழ்கியது. ஆக, கப்பல் உண்மை, காய்ச்சல் உண்மை, வீடு மட்டும் வேறு. பம்பாய்க் காய்ச்சலை யாரோ தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கோட்டைக்குள் படுக்கப் போட்டுவிட்டார்கள், நானும் ஆறு வருடமாக அதற்கு விசிறி வீசியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கும் முன் சரிபார்க்கிற பழக்கம் வந்தது. சொல்லாமல் விட்ட கதைகள் எத்தனை நல்லவை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு போர்க்கப்பல் இருப்பது இங்கே பலருக்குத் தெரியாது. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டி 1817 ஒக்டோபர் 12இல் கடலில் இறக்கிய ட்ரிங்கோமலி. இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் இன்னும் மிதக்கிறது, மிதக்கிற பிரித்தானியப் போர்க்கப்பல்களில் அதுதான் மிகப் பழையது. இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அந்தக் கப்பலின் வரைபடங்களை முதலில் ஜாவா என்ற போர்க்கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். வழியில் பிரேசிலுக்கு அப்பால், 1812 டிசம்பரில், அமெரிக்கக் கப்பல் ஒன்று ஜாவாவை அடித்து முடித்துவிட்டது. வரைபடமும் போயிற்று. திரும்ப ஒரு பிரதி அனுப்ப வேண்டி வந்தது. கட்டத் தொடங்கும் முன்பே ஒரு சண்டையில் தோற்ற கப்பல் என்று சொல்வேன். பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பிடிக்கும்.

எங்கள் அப்பப்பா டொக்யார்ட்டில் வேலைசெய்தவர். காலையில் சைக்கிளை எடுக்கும்போது "கப்பலுக்குப் போட்டு வாறன்" என்றுதான் சொல்வாராம். அவர் போனது கப்பலுக்கு அல்ல, தரையில் இருந்த கடற்படைத் தளத்துக்கு. அதை அவருடைய பகிடி என்றே நினைத்திருந்தேன். பிறகு பார்த்தால், பிரித்தானியக் கடற்படை தன் தரைத்தளங்களுக்கும் கப்பலுக்கு வைப்பதுபோலவே பெயர் வைத்து, கப்பல் என்றே கணக்கெழுதும். திருகோணமலைத் தளத்தின் பெயர் ஹைஃபிளையர். ஒரு நாளும் மிதக்காத கப்பல். இன்றைய இலங்கைக் கடற்படையும் அதே வழக்கத்தில்தான், டொக்யார்ட்டுக்குள் இருக்கும் தளங்களுக்குக் கப்பலைப்போலப் பெயர் வைத்திருக்கிறது.

அப்பப்பா சொன்னதில் ஒன்றை மட்டும் சரிபார்க்கவே தேவையிருக்கவில்லை, எல்லா இடத்திலும் அப்படியே எழுதியிருந்தது. 1944 ஓகஸ்ட் 8ஆம் திகதி, வேலியன்ட் என்ற பெரிய போர்க்கப்பல் பழுதுபார்க்க மிதக்கும் டொக்குக்குள் ஏற்றப்பட்டது. மிதக்கும் டொக் என்றால் பெரிய இரும்புத் தொட்டி. தண்ணீரை உள்ளே விட்டுத் தாழ்த்தி, கப்பல் உள்ளே வந்ததும் தண்ணீரை இறைத்து, கப்பலோடு சேர்த்து மேலே எழுப்புவார்கள். அன்றைக்கு எந்தத் தொட்டியை முதலில் இறைப்பது என்ற ஒழுங்கு பிழைத்துவிட்டது, போதாததற்குக் கப்பலில் வெடிமருந்தெல்லாம் இறக்காமல் கிடந்தது. டொக்கின் முதுகு முறிந்து கடலுக்குள் போய்விட்டது. கப்பல் தப்பியது, ஆனால் பின்பக்கத்தில் பலத்த அடி. "யப்பான்காரன் செய்யாததைத் தண்ணி இறைக்கிற பம்ப் செய்து போட்டுது" என்பது அப்பப்பாவின் வசனம். 1957 ஒக்டோபர் 15இல் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டு வெள்ளைக்காரர் போனார்கள், அவருக்கு வேலையும் போனது. அதைப் பற்றி அவர் அதிகம் கதைக்கவில்லை.

ஹேர்மஸ் கதை மட்டும் எனக்கு இன்னும் சொல்ல வராது. 1942 ஏப்ரல் 8 மாலை, யப்பான் படை நெருங்குகிறது என்று தெரிந்ததும் துறைமுகத்தில் இருந்த கப்பல்களைப் பாதுகாப்புக்காக வெளியே அனுப்பினார்கள். விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மஸும் போனது, அதன் விமானங்கள் சீனக்குடா விமானத் தளத்தில் நிற்க, வெறும் மேல்தட்டோடு. மறுநாள் காலை யப்பான் விமானங்கள் திருகோணமலையை அடித்தன. சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்று ஏழு நாள் எரிந்தது. அதற்குள் தெற்கே போயிருந்த ஹேர்மஸைத் திரும்பி வரச் சொன்னார்கள். மட்டக்களப்புக்கு அப்பால் யப்பான் விமானங்களிடம் பிடிபட்டு மூழ்கியது. செத்தது 307 பேர். தப்பிக்கச் சொல்லி அனுப்பிய கப்பல்! உப்புவெளி யுத்த மயானத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போனால், இதைச் சொல்லிவிட்டு ஓரமாக நின்றுவிடுவேன். அங்கே கல்லில் பத்தொன்பது, இருபது என்று வயதைப் பார்த்துக்கொண்டு நடப்பவர்களுக்கு வழிகாட்டி தேவையில்லை.

முற்றவெளிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய சேமக்காலை வேறு மாதிரி. ஒரு வருடம் மழைக்குப் பிறகு, கனடாவிலிருந்து வந்த ஒரு தகப்பனையும் மகளையும் கூட்டிப்போனேன். பற்றை முழங்கால் உயரத்துக்கு, மகளுக்குப் பாம்புப் பயம். தகப்பன் பொறுமையில்லாமல், "தம்பி, இதுக்குள்ள என்ன இருக்கு?" என்றார். ஒரு கல்லறையின் எழுத்தை மறைத்துப் பாசி படிந்திருந்தது. சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போகும், அதனால் போத்தல் தண்ணீரை ஊற்றி, ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். முதலில் சி, பிறகு ஏ. மகள் குனிந்து எழுத்துக்கூட்டி வாசித்தவள், ஒஸ்டின் என்று வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த ஜேன் ஒஸ்டினா?"

"அவவின்ட கடைசித் தம்பி."

சார்ள்ஸ் ஒஸ்டின், கடற்படை அட்மிரல். 1852 ஒக்டோபர் 7, பர்மாவில், ஐராவதி ஆற்றில் கப்பலில் வைத்தே கொலராவில் இறந்தார், வயது 73. அடக்கம் இங்கே. அந்தக் காலத்தில் எதிரியின் கப்பலைப் பிடித்தால் அதன் பெறுமதியைப் பிடித்த கப்பல்காரர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். வாலிப வயதில், 1801இல், அப்படிக் கிடைத்த பங்கில் இவர் செய்த காரியம் இரண்டு அக்காமாருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகக் கல் சிலுவையும் வாங்கியது. இதைச் சொன்னதும் தகப்பனுக்கும் கல்லறையில் அக்கறை வந்துவிட்டது. "எங்கட ஆக்கள் மாதிரித்தான், முதல் சம்பளத்தில அக்காவுக்கு நகை" என்றார். மகள் துணியை என்னிடமிருந்து வாங்கி மிச்ச எழுத்தைத் தானே துடைத்தாள். பாம்பை மறந்துபோனாள்.

இவ்வளவும் சொல்கிறேனே, கோட்டை வாசலைக் கடக்கும்போது நிலைக்கல்லில் செதுக்கியிருக்கும் இரட்டை மீனைப் பார் என்றால் பத்தில் எட்டுப் பேர் பார்ப்பதில்லை, அர்ச்சனைத் தட்டோடு மேலே ஏறுகிற அவசரம். போர்த்துக்கேயர் கோயிலை இடித்த கல்லால் கட்டிய கோட்டையில், பாண்டியனின் மீனும், குளக்கோட்டன் பெயர் சொல்லும் சிதைந்த தமிழ் எழுத்தும் அப்படியே வாசலில் நிற்கின்றன. அந்த இடத்தில் வாகனம் நிறுத்தவும் விடமாட்டார்கள்.

போன மாதம் பங்களாவுக்கு முன்னால் நின்று, பம்பாய், சொறி, சுசானா என்று திருத்திய கதையை என் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு ஓட்டோக்கார அண்ணை தன் ஆட்களுக்கு அந்த வீட்டைக் காட்டி, வெலிங்டன் இதற்குள்தான் காய்ச்சலில் துடிச்சுக்கொண்டு கிடந்தவர் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவருடைய ஆட்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். என்னுடைய ஆட்களில் இரண்டு பேர் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். பிறகு தேத்தண்ணிக் கடையில் கேட்டேன், அன்றைக்கு அவருக்குக் கிடைத்த டிப்ஸ் என்னுடையதைப்போல இரண்டு மடங்கு.