முதல் துளிக்கு முன்பும் வீடு திரும்பிய பின்பும்

கீமோதெரபி வார்டை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, மருந்துப் பையைத் தொங்கவிட்டு நேரம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அங்கே வேலை என்று தோன்றும். ஆனால் அங்கே நேரும் ஆபத்துகளில் பல, முதல் துளி இறங்கும் முன்பு சரிபார்க்காமல் விட்ட ஒன்றில் தொடங்குகின்றன. மற்றவை, நோயாளி வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்து, நாம் சொல்லாமல் விட்ட ஒன்றில் தொடங்குகின்றன. புதிதாக வேலைக்கு வரும் செவிலியர்களுக்கு இந்த இரண்டு இடங்களைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

உயரமும் எடையும் சாதாரண விஷயமாகத் தெரியும். பெரும்பாலான கீமோ மருந்துகளின் அளவு உடலின் பரப்பளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது: சென்டிமீட்டரில் உயரம், கிலோவில் எடை, இரண்டையும் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 160 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ளவருக்கு 1.63 சதுர மீட்டர். அவரே மூன்றாவது சுற்றுக்கு 52 கிலோவாக வந்தால் 1.52தான். பழைய தாளில் இருக்கும் எடையையோ அவர் வாயால் சொல்லும் எடையையோ எழுதிவிட்டால் தேவைக்கு மேல் மருந்து போகும். செருப்பைக் கழற்றச் சொல்லி அன்றே எடை பார்க்க வேண்டும். பத்து சதவீதம் மாறியிருந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவைத் திரும்பக் கணக்கிட வைக்க வேண்டும். வயிற்றில் நீர் கோத்திருப்பவர்களின் எடை ஏறியிருக்கும், உடம்போ இளைத்திருக்கும். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் அடிக்கடி நேரும் தவறு, மொத்த வெள்ளையணுக்களை மட்டும் பார்த்துவிட்டு 'சரி' போடுவது. நமக்குத் தேவை, கிருமிகளோடு போராடும் வெள்ளையணு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை. மொத்தம் 3000, அதில் நியூட்ரோஃபில் 40 சதவீதம் என்றால் 1200தான் இருக்கிறது. பல சிகிச்சை முறைகள் 1500 கேட்கின்றன, சில 1000 போதும் என்கின்றன. எந்த மருந்துக்கு எது என்பதை வார்டுச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

அடுத்தது, ஊசி போடும் நரம்பு, அதாவது ரத்தக்குழாய். முழங்கைக்குக் கீழே, முன்கையில் நல்ல நேரான நரம்பாகத் தேட வேண்டும். முழங்கை மடிப்பில் போட்டால் மருந்து கசிவது வெளியே தெரியாது. புறங்கையில் போட்டுக் கசிந்தால் கீழேயே தசைநார்கள். மார்பக அறுவையில் அக்குள் நெறிகட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையைத் தவிர்த்துவிடுவோம். ஊசி உள்ளே இருக்கிறதா என்பதற்கு, ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. டிரிப் ஓடுகிறது, வலி இல்லை என்ற இரண்டையும் நம்பக் கூடாது, நரம்புக்கு வெளியிலும் திரவம் தாராளமாக ஓடும்.

டாக்ஸோரூபிசின் போன்ற சிவப்பு மருந்து வெளியே கசிந்தால் திசுவை அரித்துவிடும். அன்று லேசான சிவப்பு மட்டும் இருக்கும். நாட்கள் கழித்துத் தோல் கறுத்துப் புண்ணாகும். எரிகிறது, இறுக்குகிறது என்று நோயாளி ஒரு வார்த்தை சொன்னாலே உடனே நிறுத்த வேண்டும். பதற்றத்தில் பலர் ஊசியைப் பிடுங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. டியூபை மட்டும் கழற்றி, அதே ஊசியில் காலி சிரிஞ்சை மாட்டி, முடிந்தவரை மருந்தைத் திரும்ப உறிஞ்ச வேண்டும். அதன் பிறகே ஊசியை எடுக்க வேண்டும். சலைன் விட்டுக் கழுவக் கூடாது, தேய்க்கக் கூடாது. கசிந்த எல்லையைப் பேனாவால் வரைந்து, கையை உயர்த்தி வைத்து, மருத்துவரை அழைக்க வேண்டும். டாக்ஸோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம். வின்கிறிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்துக்கு இதற்கு நேர்மாறாக வெந்நீர் ஒத்தடம். முன்னதை ஓரிடத்தில் கட்டிப்போட வேண்டும், பின்னதைப் பரவவிட்டுக் கரைக்க வேண்டும். இரண்டும் மாறிப்போனால் காயம் பெரிதாகும்.

வின்கிறிஸ்டின் பற்றி இன்னொன்று. அது நரம்பு வழியாக மட்டுமே போக வேண்டிய மருந்து. தவறி முதுகுத்தண்டு நீரில் செலுத்தப்பட்டால் அநேகமாக மரணம்தான். அதனால் அதைச் சிரிஞ்சில் நிரப்பாமல், 50 மி.லி. சிறு பையில் கலந்து தரும்படி உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவுறுத்தியது. பையை யாரும் முதுகு ஊசியில் மாட்டப் போவதில்லை. கவனமாக இருங்கள் என்று எத்தனை முறை எச்சரித்தாலும் கிடைக்காத பாதுகாப்பு இந்தச் சிறு மாற்றத்தில் கிடைக்கிறது.

பாக்ளிடாக்சல் என்ற மருந்தை ஏற்றும்போது முதல் பத்து நிமிடம் அருகிலேயே நிற்க வேண்டும், முக்கியமாக முதல் இரண்டு சுற்றுகளில். முகம் சிவப்பது, நெஞ்சு அடைப்பது, திடீர் முதுகுவலி எல்லாம் ஒவ்வாமையின் அறிகுறிகள். பெரும்பாலும் மருந்தைக் கரைத்திருக்கும் எண்ணெய்ப் பொருளே இதற்குக் காரணம்.

இனி, வீட்டுக்கு அனுப்பும் நேரம். எல்லோரும் களைத்திருப்பார்கள், வண்டி காத்திருக்கும், நாமும் அடுத்த படுக்கையைத் தயார் செய்ய வேண்டியிருக்கும். எவ்வளவு அவசரமானாலும் காய்ச்சலைப் பற்றிய பேச்சைச் சுருக்கக் கூடாது.

இந்த மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுநோய்ச் செல்லோடு, ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் அடி வாங்குகிறது. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் அணுக்கள் சில நாள் தாக்குப்பிடிக்கும், பிறகு தீரும். அதனால் பல மருந்துகளில் 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில்தான் நியூட்ரோஃபில் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. வாந்தி நின்று, நாக்கில் ருசி திரும்பி, தேறிவிட்டோம் என்று நோயாளி நினைக்கும் நாட்கள் அவை.

சீழாக வருவதில் பெரும்பங்கு நியூட்ரோஃபில்தான். அது இல்லாதபோது கிருமி தொற்றினாலும் சீழ் கட்டாது, பெரிதாகச் சிவக்காது, சளிகூட வராமல் போகலாம். காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அந்த ஒன்றையும் பாராசிட்டமால் மாத்திரை மறைத்துவிடும். ஆகவே சொல்லும் வரிசை முக்கியம்: உடம்பு ஒரு மாதிரி இருந்தால் முதலில் தெர்மாமீட்டர், மாத்திரை பிறகு, அதுவும் எங்களைக் கேட்டுவிட்டு. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நடுராத்திரி ஆனாலும் கிளம்ப வேண்டும். வாயிலோ அக்குளிலோ வைத்துப் பார்க்கலாம், ஆசனவாயில் வைக்கவே கூடாது. காய்ச்சல் இல்லாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும், வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினாலும் அதே அவசரம்தான். மருத்துவமனை தரப்பில், ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். நியூட்ரோஃபில் எண்ணிக்கை முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் போய்விடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சிவப்பு மருந்துக்குப் பின் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை. சிஸ்பிளாட்டினுக்குப் பின் முதல் நாள் நன்றாக இருந்துவிட்டு மறுநாள் வாந்தி வரலாம், எனவே வாந்தி மாத்திரையை எழுதிய நாள் வரை நிறுத்தக் கூடாது. ஆக்சாலிபிளாட்டின் எடுத்தவர்கள் சில நாளைக்குக் குளிர்ந்த நீரைக் குடிக்கவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். 48 மணி நேரம் வரை வாந்தி, சிறுநீர், மலம் ஆகியவற்றைச் சுத்தம் செய்பவர் கையுறை போட வேண்டும். இதைச் சொன்ன கையோடு, கட்டியணைக்கலாம், பக்கத்தில் படுக்கலாம், புற்றுநோய் தொற்றாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் கையுறையைப் பார்த்தே வீட்டில் ஒதுக்கிவிடுவார்கள்.

"புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "ராத்திரி பன்னிரண்டு மணிக்கு 38.2 காட்டுகிறது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். தெர்மாமீட்டர் வீட்டில் இருக்கிறதா, கூட யார் இருப்பார்கள், எதில் வருவார்கள் என்பதெல்லாம் அந்தப் பதிலில் தெரிந்துவிடும். மருந்துப் பெயரும் ஏற்றிய தேதியும் எழுதிய அட்டையைக் கையில் கொடுத்து, அவசரப் பிரிவில் நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தையும் சொல்லிப் பார்க்க வைக்க வேண்டும்: "கீமோ எடுத்து ஒன்பது நாள் ஆகிறது, இப்போது காய்ச்சல்." வெறும் காய்ச்சல் என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.