இரண்டு லூப்களுக்கு இடையே ஓடும் தரவு

மட்டக்களப்பு வாவி நீரின் வெப்பநிலையை அளப்பதற்காகக் கல்லடியில் என் வீட்டிலிருந்து லேப்வியூவில் (படக்குறிகளைக் கம்பிகளால் இணைத்து நிரல் எழுதும் மொழி) எழுதிய நிரலில், உணரியை வாசிக்கும் லூப்பிலிருந்து (திரும்பத் திரும்ப இயங்கும் பகுதி) வரைபட லூப்புக்கு நேரடியாகக் கம்பி இழுத்திருந்தேன். வரைபடம் அசையவே இல்லை. ஒரு லூப் முழுவதும் முடிந்த பின்னரே அதன் வெளியீட்டுக் கம்பியில் மதிப்பு வரும் என்பதும், அந்த மதிப்பு கிடைக்கும்வரை அடுத்த லூப் தொடங்காது என்பதும் லேப்வியூ போன்ற தரவோட்ட மொழியின் அடிப்படை விதி.

இரண்டு லூப்களும் பொதுவாக அணுகக்கூடிய குளோபல் மாறியை வைத்தபோது வரைபடம் அசைந்தது. ஆனால் சில அளவீடுகள் இருமுறை வாசிக்கப்பட்டன, சில தவறிப்போயின. எனவே மதிப்புகளை வரிசையாகச் சேர்த்துவைக்கும் கியூவுக்கு மாறினேன். அதில் ஒவ்வோர் அளவீடும் வந்த ஒழுங்கிலேயே, ஒரேயொரு முறை எடுக்கப்படுவதால், கோப்பில் பதிவதற்கு அதுவே பொருத்தமானது என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் ஒரே கியூவிலிருந்து இரண்டு லூப்கள் எடுத்தால் அளவீடுகள் இரண்டுக்கும் பிரிந்துவிடும்; ஆகவே திரைக்கு, அண்மைய மதிப்பை மட்டும் வைத்திருக்கும் நோட்டிஃபயரைத் தனியே வைத்திருக்கிறேன்.