கடைவாய்ப் பல்

"குதிரைய நாய் ஏதும் கடிச்சுதா அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன். கால்நடை மருத்துவனாயிற்றே, கேட்காமல் விடவில்லை.

"இல்ல சார். பல்லுல என்னமோ இருக்கு, கொள்ளு எறங்க மாட்டேங்கு. பாத்துச் சொன்னியன்னா கோயில் கொடை ஊர்வலத்துல நிறுத்திருவேன்" என்றார்.

செண்டை தொடங்கியிருந்தது. குதிரைக்குத் தோவாளைப் பிச்சி மாலை போட்டாகிவிட்டது. நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக் கடைவாய்க்குள் கையை விட்டேன். கையுறை இல்லை. எச்சில் முழங்கைவரை நூலாக இழுத்தது. பல்லில் ஒரு கூர்முனை தட்டுப்பட்டது. வயதான குதிரைகள் பலவற்றுக்கு இருப்பதுதான். "பல்தான். நாளைக்கு ராவி விடலாம்" என்றேன்.

மறுநாள் பின்னங்காலை இழுத்து நடந்தது, அதற்கடுத்த நாள் விழுந்தது, நான்காம் நாள் செத்தது. நான் போவதற்குள் தென்னந்தோப்பில் புதைத்திருந்தார்கள். ரேபிஸா என்று உறுதி செய்ய மூளையிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். தோண்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குதிரை எச்சில் வடித்தால் முதலில் பல்லையும் தொண்டையையும்தான் பார்ப்போம், அதில் தவறில்லை. ஆனால் கடித்த பிறகு நோய் வெளிப்பட வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். அதற்குள் காயம் ஆறிவிடும். ராத்திரி கொட்டகையில் நாய் நுழைந்ததை அண்ணாச்சி எப்படி அறிவார்? கடித்ததா என்று கேட்டது போதாது. விழுங்க முடியாத குதிரையைக் கூட்டத்தில் நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்டிருப்பார், என்னை நம்பித்தானே கேட்டார்.

ரேபிஸுக்கு முன்தடுப்பூசி போட்டவன் என்பதால் எனக்கு, முதல் ஊசி நாளை 0 என்று வைத்து, 0, 3 என இரண்டே நாள் ஊசி. ஊர்வலத்தில் குதிரைக்குப் பழம் ஊட்டிய பிள்ளைகளுக்கு 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். வீடு வீடாகப் போனேன். "கொடை முடிஞ்ச வீட்டுல பயங்காட்டாதிய சார்" என்றார் ஒருவர். கீறல் இல்லாத தோலில் எச்சில் பட்டால் ஆபத்தில்லை என்றும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது, அதுதானே உண்மை. அதைக் கேட்டதும் சிலர் ஊசிக்குப் போகவில்லை. எந்தப் பிள்ளையின் கையில்தான் கீறல் இல்லை?

ரேபிஸே இல்லாமலும் இருக்கலாம். அப்படியும் என் நினைப்பு அந்த மஞ்சள் பாவாடைப் பிள்ளையிடமே போய் நிற்கிறது. உள்ளங்கையில் வாழைப்பழத் துண்டை வைத்து நீட்டியது, குதிரை விழுங்க முடியாமல் அதைத் திரும்பக் கையிலேயே விட்டது. கொடைக்கு வந்த விருந்துப் பிள்ளையாம், மறுநாள் காலையிலேயே மார்த்தாண்டம் பஸ் ஏறிவிட்டதாம். யார் வீட்டுக்கு வந்தது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.