மூன்று கிழமை பிந்திய கூலி

போன கிழமை பழைய கணக்குக் கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது இலங்கையைப் பொருளாதார நெருக்கடி உலுக்கிய 2022 ஆம் ஆண்டின் கொப்பி கையில் அகப்பட்டது. ஏப்ரல் பக்கம் முழுக்கச் சிவப்பு மை. சின்னதாக உடுப்புத் தொழில் தொடங்கியிருக்கிற தங்கச்சிமார் சிலர் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள், "அந்த நேரம் எப்படி அக்கா மூடாம இருந்தீங்க?" என்று. அந்தப் பக்கத்தைப் பார்த்ததும், சரி, இதை எழுதியே வைத்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

நான் இருப்பது மட்டக்களப்பில், கல்லடியில். கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனையில் தறி வைத்திருக்கும் ஏழு வீடுகளில் துணி எடுத்து, இங்கே மூன்று அக்காமார் தைத்துத் தர, சாறி, சாரம், சட்டை, படுக்கை விரிப்பு என்று விற்கிறேன். தொடங்கும்போது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி இரண்டுதான். துணி வந்த அன்றைக்கே நெய்தவர் கையில் காசு கொடுக்க வேண்டும். தைப்பவருக்கு நாள் சம்பளம், எத்தனை சட்டை முடித்தார் என்று எண்ணிக் கொடுப்பது கிடையாது. விலை இறக்கத்தான் வேண்டுமென்றால் அது என் பங்கிலிருந்து இறங்கட்டும்.

மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. நெசவு எங்கள் ஊருடையது, ஆனால் பருத்தி நூலும் சாயமும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவது. நூல் கடையில் காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை, சில நாள் விலையே சொல்லாமல் "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. கைத்தறிக்குக் கரண்ட் தேவையில்லை, அதனால் மருதமுனையில் தறி ஓடியது. என் வீட்டில்தான் மோட்டார் பூட்டிய மெசின்கள் நின்றுபோயின. அம்மாவின் பழைய கால் மெசினை வெளியே எடுத்து, எண்ணெய் விட்டு, தோல் வாரை மாற்றி, மூன்று பேரும் முறை வைத்துத் தைத்தார்கள்.

ஆனால் என்னை விழுத்தப் பார்த்தது கரண்டும் இல்லை, டொலரும் இல்லை. கடைகளுக்குக் கடனாகக் கொடுத்திருந்த துணி. கொழும்பில் மூன்று கடைகளில் என் சாறிகள் தொங்கின. விற்ற பிறகு காசு, அதுவும் மூன்று மாதம் கழித்து. கொழும்பில் நம்முடைய துணி தொங்குகிறது என்பதே எனக்குப் பெரிய பெருமையாக இருந்த காலம் அது. ஏறக்குறைய நாலு லட்சம் ரூபாய் சரக்கு அங்கே கிடந்தது. ஜனவரியில் கொடுத்த சாறிக்கு ஏப்ரலில் காசு வரும்போது, அந்தக் காசுக்குப் பாதி நூல்கூட வாங்க முடியவில்லை. வங்கிக் கடன் கேட்டு அலைந்துகொண்டிருந்தேன். ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி ஒரேயடியாக வட்டி வீதத்தை 7 சதவீதப் புள்ளி ஏற்றியது, அதோடு அந்த எண்ணத்தையும் விட்டேன்.

அந்த மாதம்தான் என் முதல் விதியை நானே உடைத்தேன். மருதமுனையில் நெய்கிற ஒரு நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) பன்னிரண்டு சாரம் எடுத்துவிட்டு, "அடுத்த கிழமை தாறன் நானா" என்றேன். அடுத்த கிழமையும் அதையேதான் சொன்னேன். அவர் ஒருநாள்கூட எடுத்துக் கேட்கவில்லை. மூன்றாவது கிழமை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கொஞ்சக் காசோடு போனேன். விறாந்தையில் தறி அப்படியே நின்றது. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், பாதி நெய்தபடி இருக்க, நெய்த துணிக்கு மேலே குறுக்கு நூலை ஓட்டுகிற நாடா கிடந்தது, அதற்குள் இருந்த குழலில் ஒரு சுற்று ஊடை நூல்கூட இல்லை. பாவு நூலில் மெல்லிசாகத் தூசி படிந்திருந்தது. அந்த வீட்டு ராத்தா (அக்கா) பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். நானா சொன்னார், "சுனாமியில தறியே போயிட்டு தங்கச்சி. இப்ப தறி இரிக்கி, ஊடை நூல்தான் இல்ல."

என் சல்லி வந்திருந்தால் அந்த நூல் வந்திருக்கும். துணி அட்டையில் "நியாயமான கூலியில் நெய்தது" என்று அச்சடித்து ஒட்டுகிறவள் நான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். அடுத்த நாளே இரண்டு காப்பை ஈடு வைத்து ஏழு வீட்டுக் கணக்கையும் முடித்தேன்.

அப்புறம் செய்தது இதுதான். கடைகளிலிருந்து விற்காத சரக்கைத் திருப்பி எடுத்தேன். ஒரு கடையிடமிருந்து வர வேண்டிய மிச்சக் காசு இன்றைக்கும் வரவில்லை. எங்களிடம் முன்பு வாங்கிய எண்பது பேருக்கு வட்ஸ்அப்பில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். சாறி 4,200 இலிருந்து 6,500 ரூபாய் ஆகிறது; நூலும் சாயமும் 2,400, நெசவுக் கூலி 2,400, பாவு ஓடவும் நூல் சுற்றவும் 500, பஸ்ஸும் பொதியும் 300, எனக்கு 900. பாதிக் காசு முன்பணம், அது வந்த பிறகுதான் தறியில் ஏறும். பதினான்கு பேர் பதில் எழுதினார்கள், ஒன்பது பேர் காசு போட்டார்கள். அந்த முன்பணத்தில்தான் நூல் வாங்கினேன்.

ஒன்பது சாறி ஏழு வீட்டுக்குக் காணாது. அதனால் புது டிசைன் எல்லாவற்றையும் நிறுத்தி, சனம் எப்படியும் வாங்கும் சாமானுக்கு இறங்கினோம். ஜூலையில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது, அதற்குச் சாரம். பிறகு தீபாவளிக்குச் சாறி. அடுத்த வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு மஞ்சள் கரை போட்ட வெள்ளைத் துணி. வெட்டி மிஞ்சிய துண்டுகளில் அக்காமார் தலையணை உறை தைத்தார்கள், அது நான் நினைத்ததைவிட நன்றாகப் போனது. தங்கச்சிமாரே, கொழும்புக் கடையில் தொங்குவதைவிடப் பக்கத்துத் தெருவில் கைக்காசுக்கு விற்பது எத்தனையோ மடங்கு மேல். கடைக்குக் கடன் கொடுத்தால் அந்தக் கடனைச் சுமப்பவர் நீங்களும் இல்லை, உங்களுக்கு நெய்து தருகிறவர்தான்.

காப்பில் ஒன்றை 2023 இல் மீட்டேன், மற்றதை அதற்கடுத்த வருடம். இப்போதும் பெரிய லாபம் ஒன்றும் கிடையாது, மாசக் கடைசி இன்றைக்கும் நெருக்கடிதான்.

அந்த ஏப்ரலுக்குப் பிறகு கொப்பியில் இரண்டு திகதி எழுதுகிறேன், துணி வந்த திகதி ஒன்று, காசு கொடுத்த திகதி ஒன்று. இரண்டும் ஒத்துவராத இடம் இரண்டே இரண்டு. ஒன்று மாரி வெள்ளத்தில் ரோட்டு மூடியபோது, மற்றது நானா ஆஸ்பத்திரியில் இருந்தபோது. நேற்று அவரிடமிருந்து ஏழு சாரம் வந்தது, இரண்டு இடத்திலும் நேற்றைய திகதிதான்.