பொச்சே: பக்கத்தில் போடுவது வந்துவிட்டது, அடிப்பதுதான் இன்னும் இழுக்கிறது

இத்தாலியின் பொலோனியாவுக்கு வந்த பிறகு தொற்றிக்கொண்ட பழக்கம் இது, பொச்சே என்ற பந்து உருட்டும் ஆட்டம். இங்கே பொச்சோஃபிலா என்று பொச்சேக்கென்றே மன்றங்கள் உண்டு. கூரை போட்ட ஆடுகளம், ஒட்டினாற்போல் காப்பிக் கடை, ஆடாத நேரத்தில் சீட்டு. 1753லேயே ரஃபாயேலே பிஸ்தேகி என்பவர் இந்த ஆட்டத்தின் விதிகளை இதே ஊரில் அச்சிட்டிருக்கிறார் என்றால் பாருங்கள்.

விதி கேட்டால் ரொம்ப எளிது. பல்லீனோ என்ற சின்னப் பந்தை முதலில் எறிவார்கள். அதற்குப் பக்கத்தில் யார் பந்து இருக்கிறதோ அவர் சும்மா நிற்கலாம், மற்றவர்தான் அதைவிட நெருங்கும்வரை அல்லது கையிலிருக்கும் பந்து தீரும்வரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒற்றையர் ஆட்டத்தில் ஆளுக்கு நான்கு பந்து. சுற்று முடிந்ததும் ஒரு தரப்புக்கு மட்டும்தான் புள்ளி: எதிராளியின் மிக நெருங்கிய பந்தைவிட உள்ளே கிடக்கும் பந்துகள் எத்தனையோ அத்தனை. நாங்கள் ஆடுவது ராஃபா வகை, 12 எடுத்தால் ஆட்டம். வடமேற்கு இத்தாலியின் பியெமோந்தே பக்கம் உலோகப் பந்தோடு ஓடிவந்து எறியும் வோலோ வகை இருக்கிறது, அது என் முட்டிக்கு ஆகாது.

பந்தை உருட்டி பல்லீனோவை ஒட்ட நிறுத்துவது அக்கோஸ்தோ. இது இப்போது கைக்கு வந்துவிட்டது. குனிந்து, தரையை ஒட்டி விட வேண்டும், மணிக்கட்டை முறுக்கக் கூடாது. பந்து கிட்டத்தட்ட ஒரு கிலோ இருப்பதால் தோளை வீசினாலே போதும், வேகம் தானாக வரும்.

எதிராளியின் பந்தை அடித்துத் தள்ளுவதுதான் பாடாய்ப் படுத்துகிறது. எந்தப் பந்தை அடிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். சொன்னது ஒன்று பட்டது ஒன்று என்றால், கலைந்தது கலைந்தபடியே இருக்கட்டுமா, பழைய இடத்துக்கே திரும்ப வைக்கலாமா என்பதை எதிராளி முடிவு செய்வார். அதற்காகத்தான் ஆட்டம் நடக்கும்போதே பந்து கிடந்த இடத்தைத் தரையில் கோடு போட்டுக்கொள்கிறார்கள். குருட்டு அதிர்ஷ்டத்துக்குப் புள்ளி கிடையாது, எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்ததே இந்த விதிதான்.

இருவர் அணியில் இப்போதைக்கு என்னை உருட்டுவதற்கு மட்டும் விடுகிறார்கள், அடிக்கும் வேலையைக் கூட்டாளி பார்த்துக்கொள்கிறார். சரி, அடுத்து பாதித் தூரத்தில் ஒரு பந்தை வைத்து அடித்துப் பழகுகிறேன், அது படிந்த பிறகு தூரத்தைக் கூட்டலாம்.