நெட் கல்வியியல்: நம்பகத்தன்மைக் கணக்கைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்

யுஜிசி நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வு) ரிசல்ட் வந்துவிட்டது, நிம்மதி. அடுத்த முறை எழுதுபவர்களுக்காக இது. நம்பகத்தன்மை, அதாவது ஒரு தேர்வு எவ்வளவு மாறாமல் சீராக அளக்கிறது என்ற பகுதியை வரையறையாக மனப்பாடம் செய்து பயனில்லை, பேனா எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இருபாதி முறை: ஒரே தேர்வை இரண்டாகப் பிரித்து ஒப்பிடுவது. ஒற்றைப்படை, இரட்டைப்படை வினாக்களின் மதிப்பெண்களுக்கு இடையே ஒட்டுறவு 0.60 என்றால் விடை 0.60 அல்ல. அது பாதித் தேர்வின் நம்பகத்தன்மைதான். முழுத் தேர்வுக்கு ஸ்பியர்மன்-பிரவுன் திருத்தம் போட வேண்டும், அதாவது 2r ÷ (1 + r), இதில் r ஒட்டுறவு: 2×0.60 ÷ 1.60 = 0.75. இதில் தவறவிட்ட 2 மதிப்பெண் இன்னும் உறுத்துகிறது.

அதே சூத்திரத்தைத் திருப்பியும் போட்டுப் பழகுங்கள். 20 வினாத் தேர்வின் 0.60-ஐ 0.80 ஆக்க எத்தனை வினா வேண்டும்? (0.80×0.40) ÷ (0.60×0.20) = 2.67 மடங்கு, அதாவது 54 வினா. சேர்க்கும் வினாக்களும் பழையவற்றின் தரத்தில் இருந்தால்தான் இது செல்லும்.

வேகத் தேர்வுக்கு (எளிய வினாக்கள், முடிக்கப் போதாத நேரம்) ஒற்றை-இரட்டைப் பிரிப்பு கூடவே கூடாது. தொட்ட வினாவெல்லாம் சரியாக இருக்கும். இரண்டு பாதியும் ஏறக்குறைய சமமாகி, கெழு பொய்யாக 1-ஐ நெருங்கும். மறுதேர்வோ (அதே தேர்வை மீண்டும் வைப்பது) இணைத்தேர்வோதான் (நிகரான இன்னொரு தேர்வு) வழி.

சரி என்றால் 1, தவறு என்றால் 0 என்று மதிப்பெண் போடும் வினாவுக்கு கே.ஆர்-20 (கூடர்-ரிச்சர்ட்சன் சூத்திரம்). கே.ஆர்-21 எல்லா வினாவும் ஒரே கடினம் என்று வைத்துக்கொள்வதால், கடினம் வேறுபட்டால் குறைத்தே காட்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 5 வரை போடும் ஐந்து புள்ளி அளவுகோலுக்குக் கிரான்பாக் ஆல்ஃபா (1951). 10 கூற்றுகள், அவற்றின் மாறுபாட்டுக் (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) கூடுதல் 12, மொத்த மதிப்பெண்ணின் மாறுபாடு 40 என்றால்: 10/9 × (1 − 12/40) = 0.78.

எம்.எட். ஆய்வுக்குக் கருவி செய்பவர்கள் இங்கே கவனியுங்கள். கணித மனப்பான்மை அளவுகோலில் 'கணக்கு வகுப்பு என்றாலே வயிறு கலங்கும்' என்று ஒரு கூற்று இருக்கும். கணக்கை விரும்பும் மாணவர் அதற்கு 1 போடுவார். 6-இலிருந்து கழித்து அதை 5 ஆக்க வேண்டும். மறந்தால் கூற்று மாறுபாடு அப்படியே இருக்க, மொத்த மாறுபாடு சுருங்கி ஆல்ஃபா சரியும்; எதிர்மறையாகக்கூட வரும். உடனே கூற்றை நீக்காதீர்கள், முதலில் மதிப்பெண் இட்டதைப் பாருங்கள். ஆல்ஃபா 0.97 வந்தாலும் மகிழ வேண்டாம். ஒரே கேள்வியைச் சொல் மாற்றிப் பத்து முறை கேட்டிருக்கலாம்.

அளவீட்டுத் திட்டப்பிழையில் (ஒருவர் வாங்கிய மதிப்பெண் உண்மை மதிப்பெண்ணிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது) வர்க்கமூலத்தை விட்டுவிடுகிறார்கள். சூத்திரம்: திட்டவிலக்கம் × √(1 − நம்பகத்தன்மை). திட்டவிலக்கம் 10, நம்பகத்தன்மை 0.84 என்றால் பிழை 1.6 அல்ல, 10 × √0.16 = 4. 52 வாங்கியவருக்கு 68% வரம்பு 48 முதல் 56 வரை.