பாலிமரோடு நானோ இண்டென்டருக்குப் போகிறீர்களா? முதலில் ரெசிபியைக் கேளுங்கள்

நுண்ணிய ஊசியை அழுத்திப் பொருளின் விறைப்பை (மாடுலஸை) அளக்கும் கருவிதான் நானோ இண்டென்டர். எப்படி அழுத்தி, நிறுத்தி, இறக்குவது என்ற திட்டம்தான் ரெசிபி. ஒருவழியாக என் எல்டிபிஇ (பிளாஸ்டிக் பை செய்யும் பாலிஎத்திலீன்) சாம்பிளுக்கு ஸ்டோரேஜ் மாடுலஸ் (மீள்தன்மையின் அளவு), லாஸ் மாடுலஸ் (வெப்பமாகப் போகும் ஆற்றலின் அளவு) இரண்டும் கைக்கு வந்துவிட்டன. ஆனால் முதல் ஸ்லாட்டுக்குக் கட்டிய பணம் தண்டம்.

படிவம், அனுமதிக் கடிதம், சாம்பிளை ஒட்டுவது எல்லாம் சுலபமாக முடிந்தன. ரிப்போர்ட்டைப் பார்த்ததும்தான் தலை சுற்றியது. டிஎம்ஏ-வில் (சாம்பிளை முழுசாக அதிர வைத்து அளக்கும் கருவி) 0.3 கிகாபாஸ்கலை ஒட்டி வந்த மாடுலஸ், இங்கே பல மடங்கு எகிறியிருந்தது. சில இண்டென்ட்களுக்கு எண்ணே இல்லை.

"செக் பண்ற சிலிக்காவுல 72 கிகாபாஸ்கல் கரெக்டா வருதுங்க. மெஷின்ல ஒண்ணும் இல்ல, உங்க சாம்பிள்தான் சரியில்ல" என்றார் ஆபரேட்டர். மெஷினைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். ஆனால் ஓட்டியது உலோகத்துக்கான ரெசிபி: உச்ச சுமையில் ஒரு கணம் நிறுத்திவிட்டு, மெதுவாக இறக்குவது.

மூல டேட்டாவைத் தரவே மாட்டேன் என்றார்கள். பிடிஎஃப்தான் வழக்கமாம். கைடு கையெழுத்திட்ட கடிதத்தோடு போனதும் அதே ஃபைல் உடனே கிடைத்தது! வரைந்து பார்த்தால், சுமை குறைய ஆரம்பித்த பிறகும் ஊசி உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது. வளைவு மூக்கு மாதிரி வெளியே புடைத்திருக்கிறது. மாடுலஸைக் கணக்கிட 1992-இல் வந்த ஆலிவர்–ஃபார் முறை, சுமை இறக்கத்தின் தொடக்கச் சரிவை வெறும் எலாஸ்டிக் மீட்சி என்றே எடுத்துக்கொள்கிறது. அதில் க்ரீப் (சுமை ஏறாமலே பொருள் மெல்ல நெகிழ்ந்துகொண்டே போவது) கலந்தால் சரிவு செங்குத்தாகி மாடுலஸ் ஏறும், இன்னும் கலந்தால் சரிவின் குறியே மாறிவிடும்.

இரண்டாம் முறை நானே ரெசிபி எழுதிக்கொண்டு போனேன். க்ரீப் நன்றாகத் தணியும்வரை உச்சத்தில் நிறுத்தி, வேகமாக இறக்கச் சொன்னேன். மூக்கு போயே போச்சு. மிச்சத்துக்கு ஃபெங்–ங்கான் திருத்தம்: நிறுத்தத்தின் கடைசியில் இருக்கும் க்ரீப் வேகத்தைச் சுமை இறக்கும் வேகத்தால் வகுத்து, அளந்த ஸ்டிஃப்னஸின் (அந்தத் தொடக்கச் சரிவின்) தலைகீழோடு கூட்டினால் போதும்.

யாரும் சொல்லாத இன்னொரு பொறி, தெர்மல் ட்ரிஃப்ட் (வெப்பநிலை மாற்றத்தால் அளவீடு தானாக நகர்வது) திருத்தம். உச்ச சுமையில் பத்து சதவீதத்துக்கு இறங்கியதும் நிறுத்தி ட்ரிஃப்ட்டை அளப்பது வழக்கம். பாலிமர் அந்த நேரத்தில் மெல்ல மீண்டு எழும். மென்பொருள் அதையும் ட்ரிஃப்ட் என்று எண்ணிக் கழித்துவிடும். சாம்பிளை முந்தின நாளே உள்ளே வைத்து வெப்பநிலை நிலைக்க விடுங்கள், ட்ரிஃப்ட்டைச் சிலிக்காவில் அளந்துகொள்ளுங்கள், இந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள்.

லாஸ் மாடுலஸுக்கு ஃப்ளாட் பஞ்ச்தான் (தட்டை முனை ஊசி) என் சிபாரிசு. க்ரீப் ஆனாலும் தொடுபரப்பு மாறாது. அதே சமயம் பஞ்ச் சாய்ந்திருந்தால் முழுப் பரப்பும் படியாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை அளக்கச் சாம்பிளில் ஊசியை ஆட்டும் அதே அதிர்வெண்களில் காற்றிலும் ஆட்டி, கருவியின் சொந்த டாம்பிங்கை (அதிர்வைத் தணிக்கும் தன்மையை) கழிக்கச் சொல்வதும் முக்கியம். இல்லாவிட்டால் அதுவும் சாம்பிள் கணக்கில் ஏறும். பரப்பில் சந்தேகம் இருந்தாலும் டான் டெல்டாவை (லாஸ் மாடுலஸை ஸ்டோரேஜ் மாடுலஸால் வகுத்த விகிதம்) நம்பலாம், அந்த விகிதத்தில் பரப்பு அடிபட்டுப் போகிறது.

அப்புறம், ஃப்ளாட் பஞ்ச் மாற்றித் தரத் தனிக் கட்டணம் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். எனக்கு அது பில்லில்தான் தெரிந்தது.